ஒன்பது நொடியில் வந்த முகம்

திண்டிவனத்தில் என் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் காதுகுத்து, கல்யாணத்துக்கு பேனர் அடிக்க வருவார்கள். இல்லையென்றால் கண்ணீர் அஞ்சலிக்கு வருவார்கள். இரண்டுக்கும் கொண்டுவருவது ஒரே மாதிரிப் படம்தான். யாருடைய கல்யாணத்திலோ கூட்டத்தோடு நின்றது, சுண்டுவிரல் நகம் அளவுக்கு முகம். அதை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கித் தரவேண்டும். தராவிட்டால் எனக்கு வேலை தெரியாது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

என் பழைய கம்ப்யூட்டரில் எட்டு ஜிபி ராம். கிராபிக்ஸ் கார்டு என்ற ஒன்றே கிடையாது. அதில் போய் ஏஐ சாஃப்ட்வேரை ஏற்றியது என் அடாவடி. ஒரு முகத்தைத் தெளிவாக்கக் கொடுத்தால் நாற்பது நிமிடம் எடுக்கும். ஃபேன் அலறும். நெற்றியில் தொடங்கி முகவாய்வரை கட்டம் கட்டமாக முகம் இறங்கி வரும். படம் கொடுத்தவர்கள் எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

"எங்க மாமனாருக்கு மூக்கு இவ்ளோ கூரா இருக்காதுப்பா. இன்னாத்துக்கு இப்டி இழுத்து வுட்டுக்கினு கீற?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நிறுத்தி, திருத்தி, மறுபடி ஓடவிடுவேன். அந்த ஆட்களிடமிருந்து தப்பிக்கத்தான் புது மிஷின் வாங்கினேன் என்று சொன்னால் பொய்யில்லை.

விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் பொருத்தித் தருகிற ஒருவர் அதைச் செய்து கொடுத்தார். முப்பத்திரண்டு ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு. "பழசுல நாலஞ்சு பேரு மொத்த கழனிக்கும் நாத்து நட்டுக்கினு இருந்தாங்கண்ணா. இந்த கார்டுல ஆயிரம் பேரு ஒரே நேரத்துல எறங்கி நடுவாங்க. அவ்ளோ ஜல்தி. இனிமே நடுவுல டீ குடிக்கக்கூட உங்களுக்கு நேரம் இருக்காது," என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். 

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திண்டிவனம் வந்து சேர்ந்தேன். நாற்பது நிமிட வேலையை அது ஒன்பது நொடியில் முடித்தது. சத்தமே இல்லை. பழைய மிஷினில் மங்கிக் கிடந்த 'முகத்தைச் சீராக்கு' என்ற பட்டன் இதில் தானாகவே எரிந்துகொண்டிருந்தது. அது என்ன செய்கிறது, பழையதில் ஏன் வேலை செய்யவில்லை என்று நான் யோசிக்கவில்லை. படங்கள் பளிச்சென்று வந்தன, ஜனங்களுக்குப் பிடித்திருந்தது, அது போதும் எனக்கு.

ஒன்று மட்டும் உறுத்தியது. ஒரே வாரத்தில் இறந்துபோன இரண்டு பெரியவர்கள், ஒருவர் ஒலக்கூர்ப் பக்கம், இன்னொருவர் முகையூர்ப் பக்கம், ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்கள். என் பேனரில் அண்ணன் தம்பி மாதிரி இருந்தார்கள். கண்ணில் பட்டது. வேலை கிடந்தது, விட்டுவிட்டேன்.

அந்த மாதம்தான் ஒரு காலையில் அந்தப் பெண் ஓடிவந்தாள். முப்பது வயதிருக்கும், ஒலக்கூருக்கு உள்ளே ஒரு கிராமம், கூலி வேலைக்குப் போகிறவள். அவளுடைய அம்மாவுக்கு ஒரு வருடமாக ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. முந்தின நாள் ரேஷன் கடைக்குப் போனவர் திரும்பவில்லை.

"போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன்ணா. காணலன்னு போஸ்டர் அடிச்சி ஒட்டச் சொன்னாங்க. இந்த ஒரு போட்டோதான் இருக்குது," என்று போனை நீட்டினாள். கல்யாணக் கூட்டத்தில் நாலாவது வரிசை. அதில் அம்மா முந்தானையைக் கன்னத்தோரம் பிடித்துக்கொண்டிருந்தார். படம் எடுத்த நொடியில் கை கொஞ்சம் நழுவியிருந்தது.

முகத்தை வெட்டி எடுத்து மிஷினுக்குக் கொடுத்தேன். அவள் உட்காருவதற்குள் முகம் வந்துவிட்டது. தெளிவான, வழுவழுப்பான முகம். அவள் திரையையே பார்த்தாள், கண் கலங்கியது.

"அடையாளம் ஏதாச்சும் எழுதணுமாம்மா?"

"வேணாம்ணா. படந்தான் நல்லா இருக்குதே. ஜல்தியா போடுங்க."

என் வேகத்தைக் காட்ட எனக்கு ஒரு சந்தர்ப்பம். வயது, பச்சைப் புடவை, போன் நம்பர் எல்லாம் அடித்து, அவள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பிரிண்ட் கொடுத்துவிட்டேன். மதியத்துக்குள் பஸ் ஸ்டாண்டிலும் ரயில் நிலையத்திலும் ஒட்டிவிட்டார்கள். அவளுடைய மாமன் மகன் ஒரு கட்டு போஸ்டரை எடுத்துக்கொண்டு விழுப்புரம் போனான்.

நாலாம் நாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் அவளுக்கு போன் செய்தார். அவள் நேராக என் கடைக்கு வந்து, அவர் சொன்னதை அப்படியே சொன்னாள். பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மா இரண்டு நாளாக அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறார். அதுவும் நம் போஸ்டருக்குக் கீழேயே. டீக்கடைக்காரரே டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். கன்னம் முழுக்கப் பெரிய தீக்காயத் தழும்பு இருந்ததால் இது வேறு ஆள் என்று நினைத்துவிட்டாராம். காலையில் அந்த அம்மா எந்த பஸ்ஸிலோ ஏறிப் போனபிறகுதான், புடவை நிறம் ஒத்துப்போகிறதே என்று சந்தேகம் வந்து போன் செய்தாராம்.

நாற்காலியை அவள் பக்கம் திருப்பினேன். "தழும்பா? உங்க அம்மாவுக்குத் தழும்பு உண்டா?"

"சின்ன வயசுல அடுப்புல வுழுந்துட்டாங்க. அதுக்குதான் எங்க போனாலும் மூடிக்கினே இருப்பாங்க."

"அன்னிக்கி படத்துல இல்லியேம்மா! பாத்தியே!"

"பாத்தேன்ணா." தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மா இவ்ளோ அழகா இருக்கறாங்களேன்னு வுட்டுட்டேன். கொஞ்ச நேரம் பாத்துக்கினு இருந்திருந்தா சொல்லியிருப்பேன். நீங்க அதுக்குள்ள பிரிண்ட் குடுத்துட்டீங்க."

மூலையில் துணி போட்டு மூடியிருந்த பழைய கம்ப்யூட்டரை எடுத்துப் பொருத்தி, அதே படத்தைக் கொடுத்தேன். இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். நெற்றி வந்தது, கண் வந்தது. அரை மணி தாண்டி இடது கன்னம் இறங்கியபோது தழும்பு அப்படியே இருந்தது. முகத்தைப் புதிதாகக் கட்டுவதற்கு அந்த மிஷினில் மெமரி போதவில்லை. அதனால்தான் அந்த பட்டன் மங்கியே கிடந்திருக்கிறது. உள்ளதை மட்டும் தட்டுத்தடுமாறிக் காட்டியது. புதியதற்கு வசதி இருந்தது; தெரியாத இடத்தையெல்லாம் தானே ஒரு முகம் செய்து நிரப்பிவிட்டது. எத்தனை பேர் வீட்டில் நான் கொடுத்த வேற்று முகங்களுக்கு மாலை போட்டிருக்கிறார்களோ என்று நினைத்தபோது பயமாக இருந்தது.

இரண்டாவது போஸ்டர் தழும்போடு போனது. பத்து நாள் கழித்து, அதைப் பார்த்துவிட்டு விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். சாலையோரம் மயங்கிக் கிடந்தவரை யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அங்கே வாசலில் முதல் போஸ்டர் ஒட்டியிருந்தது. நர்ஸ் அதைக் கட்டிலுக்கு எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இவர் இல்லை என்று திருப்பி ஒட்டியிருக்கிறார். பெயர் தெரியாத பெண் என்ற சீட்டோடு, அழைப்பு வருவதற்கு இரண்டு நாள் முன்பே அந்த அம்மா இறந்துவிட்டார். மகள்தான் போய் அடையாளம் காட்டினாள். கூட வருகிறேன் என்று சொல்ல எனக்கு முகமில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. ஊர் முனையிலேயே பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் வேறு ஏதோ கடையில், அதே கல்யாணப் படத்தைக் கொடுத்து அடித்தது. தழும்பு இல்லை. அதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த முகம் என் மிஷின் செய்த முகமும் இல்லை. கண் வேறு, வாய் வேறு, மூன்றாவதாக ஒரு பெண். வருகிறவர்கள் ஒவ்வொருவராக நின்று அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மகள் பேனருக்கு எதிரே நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபமெல்லாம் இல்லை, களைத்துப் போயிருந்தாள்.

"அண்ணா, எங்க அம்மா இப்டியா இருந்தாங்க? பாத்துப் பாத்து எனக்கே இப்ப தெரியமாட்டேங்குது."

"இல்லம்மா. இது அவங்க இல்ல," என்றேன்.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க எங்க அம்மாவ நேர்ல பாத்திருக்கீங்களாண்ணா?"

நான் பார்த்ததில்லை.