டாக்டரிடம் நான் சொன்ன காரணம்

என் கணவர் கடற்படையில் பதினைந்து வருடம் இருந்தவர். கப்பலின் பாய்லர் அறைக் குழாய்களில் சூடு தாங்கச் சுற்றியிருக்கும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் நாரை உரித்துவிட்டுப் புதிது சுற்றுவது அவர் வேலை. ஓய்வுபெற்ற பின், ஒரு சிமென்ட் ஆலையில் எட்டு மாதம் வாட்ச்மேனாக இருந்தார்.

மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பெரம்பலூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். "என்ன வேலை பாத்தாரும்மா?" என்று டாக்டர் கேட்டார். இருமலில் அவரால் பேச முடியவில்லை. நான் முந்திக்கொண்டு, "சிமென்ட் பேக்டரிங்க. அந்தத் தூசிதாங்க" என்றேன். டாக்டர் அப்படியே எழுதினார்.

பிறகு திருச்சியில் ஸ்கேன் எடுத்தபோதுதான், நுரையீரலைக் கெடுத்தது ஆஸ்பெஸ்டாஸ் என்றார்கள். டிசபிலிட்டி பென்ஷனுக்கு மனுப் போட்டோம். பெரம்பலூர் சீட்டையும் நானே அதில் இணைத்தேன். அந்தச் சீட்டைக் காட்டியே, நோய்க்குக் காரணம் சிமென்ட் தூசி, கடற்படைப் பணி அல்ல என்று நிராகரித்துவிட்டார்கள்.

சீட்டைத் திருத்தித் தரச் சொல்லி டாக்டரிடம் கெஞ்சினேன். "நீங்க சொன்னதத்தாம்மா எழுதுனேன்" என்றார்.

வீட்டில் என் கணவர், "பாய்லர் ரூம்ல நீயா இருந்த?" என்று மட்டும் கேட்டார். மேல்முறையீடு விசாரணைக்கு வருமுன் இறந்துபோனார். கடைசிவரை என் முகம் பார்த்துப் பேசவில்லை.

இப்போது யாருடன் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், நோயாளி மூச்சு வாங்கி முடித்துத் தானே பதில் சொல்லும்வரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, அரியலூர்