தடித்த கையுறைக்குள் என் விரல்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கடலூருக்குத் தெற்கே செம்மங்குப்பம் பக்கம் நான் வேலை பார்க்கும் ரசாயனத் தொழிற்சாலையில் நடந்தது இது. அவசரகாலக் குழுவில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். குழுவில் நான் ஒருத்திதான் பெண்.

முதல் ஒத்திகை. அமிலக் குழாயில் ஓட்டை விழுந்ததாக வைத்துக்கொண்டு, ஓட்டையை அடைக்கும் கிளாம்ப் பட்டையை அதன்மேல் மாட்டி நட்டை முடுக்க வேண்டும். தடித்த ரப்பர் கையுறை, அதுவும் ஆண்கள் அளவு. விரல் நுனி காலியாகத் தொங்கியது. நட்டு நழுவி நழுவி விழுந்தது. குழுத் தலைவர் கடிந்துகொள்ளவில்லை. “விடுங்கம்மா, நீங்க வெளிய நின்னு தண்ணி பைப்பப் புடிச்சிக்குங்க, போதும்” என்றார். அந்தப் ‘போதும்’ சிதம்பரத்தில் என் வீடு வரை பஸ்ஸில் கூடவே வந்தது.

மறுநாளே ஸ்டோரில் போய் என் அளவுக்குக் கையுறை கேட்டேன். கிடைக்கும்வரை விடவில்லை. பழகுவதற்கென்று ஒரு பழைய ஜோடியை வீட்டுக்கும் வாங்கிப் போனேன். என் கணவர் பைக் மெக்கானிக். கடையிலிருந்து ஒரு டப்பா நிறைய நட்டு, போல்ட் கொண்டுவந்து வைத்தார்.

“வெறுங்கையிலயே எனக்கு நழுவுது. நீ இன்னா, இதப் போட்டுகினு மாட்டப் போறியா?”

சமையல் முடிந்ததும் தினமும் உட்கார்ந்தேன். நுனிவிரலால் பிடித்தால் நட்டு நழுவுகிறது; கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே அழுத்திப் பிடித்தால் நிற்கிறது. முதலில் பின்பக்கம் திருப்பி, போல்ட்டின் மரையில் நட்டு உட்கார்ந்ததும் முடுக்கினால் ஏறிவிடுகிறது. பிறகு சோப்புத் தண்ணீரில், பிறகு கண்ணை மூடிக்கொண்டு. ஒருநாள் மகளின் யூனிஃபார்ம் பட்டனைக்கூடக் கையுறையோடு போட்டுவிட்டேன். வேன் வந்துவிடும் என்று அவள் அழாத குறை.

சில மாதம் கழித்து ஒரு மதியம், நிஜமாகவே குழாய் பொத்துக்கொண்டது. பம்பை நிறுத்தியும் உள்ளே இருந்த அமிலம் ஒழுகியபடி இருந்தது. கிளாம்ப் மாட்டப் போனவர் குழுவிலேயே அனுபவசாலி. அவருக்குத் துணையாகத் தண்ணீர் பைப்போடு நான். அவர் முகக்கவசத்தில் ஆவி படிந்து, நட்டு இரண்டு முறை கீழே விழுந்தது. பொறுமையிழந்து கையுறையை உருவப் போனார். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“கழட்டாதீங்கண்ணா. கிளாம்ப நீங்க புடிங்க, நட்ட நான் போடறேன்.”

நட்டை விரல் பக்கவாட்டில் அழுத்திப் பிடித்து, முதலில் பின்பக்கம் திருப்பினேன். விரல்கள் அவசரப்படவில்லை. மரை உட்கார்ந்தது. முடுக்கினேன். அடுத்த நட்டும் ஏறியது. ஒழுகல் நின்றது.

ஷவருக்கு அடியில் நின்று உடையைக் கழுவும்போது அவர் தன் கையுறையைக் காட்டினார். அமிலம் பட்ட இடமெல்லாம் வெளுத்திருந்தது. “கழட்டியிருந்தா கை போயிருக்கும்மா” என்றார். அடுத்த ஒத்திகையில் குழுத் தலைவர் கிளாம்பை என்னிடம் நீட்டினார்.

இன்றும் பழகுவதை நிறுத்தவில்லை. அவசரத்தில் கை நம் பேச்சைக் கேட்க வேண்டுமானால், அவசரமில்லாத நாட்களில் அதற்காக உழைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.