அடுப்பை அணைத்தபின் வேகும் முட்டை

சிங்கப்பூரில் முட்டை வேகவைப்பதே ஒரு தினுசு. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் முட்டையை இறக்கி மூட வேண்டும். சற்றுப் பொறுத்து எடுத்துக் கிண்ணத்தில் உடைத்தால் வெள்ளைக்கரு தளதளவென்று விழும், மஞ்சள்கரு உடையாமல் நடுவில் உட்கார்ந்திருக்கும். மேலே நாலு சொட்டு சோயா சாஸ், ஒரு சிட்டிகை மிளகுத்தூள். நான் வேலை செய்யும் வீட்டுக் குழந்தை லின்னுக்குக் காலையில் இதுதான் ஆகாரம். வந்த புதிதில் எனக்குக் குமட்டியது. வெந்தும் வேகாமலும் இதென்ன சாப்பாடு என்று மனசுக்குள் வைது தீர்த்தேன்.

வைவதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது. திருவொற்றியூரில் எங்கள் குப்பத்தில் பெண் பெரியவளானால் பச்சை முட்டையையே வாயில் ஊற்றுவார்கள். உடைத்த ஓட்டிலேயே நல்லெண்ணெயை அளந்து அதையும் ஊற்றுவார்கள், இடுப்புக்குப் பலமாம். என் முறை வந்தபோது அம்மா என் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள். பாதியை அவள் புடவையிலேயே துப்பினேன். திட்டிக்கொண்டே இன்னொன்றை உடைத்தாள். அந்த நாற்றம் மறந்துவிட்டது, அம்மா கை மறக்கவில்லை.

போன மாதம் என் மகள் ரேவதி பெரியவளானாள். அவளை வளர்க்கும் என் நாத்தனார் மீனா போனில் அழாத குறை.

"அண்ணி, பொண்ணு குந்திகினு கீது. முட்டைய கண்டாலே வாந்தி எடுக்குது. இன்னா பண்றது?"

வீட்டுக்கார மேடத்திடம் லீவு கேட்டேன். மகளுக்கு விசேஷம் என்றேன்.

"பர்த்டேயா?" என்றார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இதை எங்கே விளக்குவது? தலையாட்டினேன். என் வாழ்த்தையும் சொல், லீவு வருஷக் கடைசியில்தான் என்றார். குளியலறைக்குள் போய் அழுதேன்.

மறுநாள் காலை லின்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வீடியோவில் மீனாவைக் கூப்பிட்டேன். "அடுப்ப நிறுத்திட்டு முட்டைய போடு மீனா."

"நிறுத்திட்டா எப்டி அண்ணி வேகும்?"

"வேகும். மூடி வையி."

வெந்தது. சாஸுக்குப் பதில் நல்லெண்ணெய் ஊற்றச் சொன்னேன். மீனா கரண்டியை வாயருகே கொண்டுபோனாள். ரேவதி அதைத் தள்ளிவிட்டுப் போனைப் பார்த்தாள்.

"நீ வந்து ஊட்டிவுடு. இல்லன்னா எனக்கு வாணாம்."

"அம்மாதான் ஊட்டுறேன்னு நெனச்சிக்கோ கண்ணு. ஆ காட்டு."

ரேவதி உதட்டை இறுக மூடிக்கொண்டாள். என் பக்கத்தில் லின் வாயை அகலமாகத் திறந்தாள். தினமும் அப்படிச் சொல்லித்தானே அவளுக்கு ஊட்டுகிறேன். திறந்த வாயை எவ்வளவு நேரம் காக்கவைப்பது? அவள் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஊட்டினேன்.

ரேவதி பார்த்துக்கொண்டே இருந்தாள்.