சாருக்குக் கிடைத்த முதலிடம்

நோட்டீஸ் போர்டில் அந்தப் பட்டியலைக் குத்தியவள் நான்தான். குண்டூசி பலகையில் இறங்க மறுத்ததும், செருப்பைக் கழற்றி அதன் குதிகாலால் தட்டியதும்கூட நினைவிருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் கல்கத்தாவின் ஒரு கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் நூலகப் பொறுப்பில் இருந்தேன். துறைமுக வேலைக்கு மாற்றலாகி வந்த அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, லேக் கார்டன்ஸ் பகுதியிலேயே வளர்ந்து, அங்கேயே தங்கிவிட்டவள் நான். ஒரு நாள் தில்லியிலிருந்து உத்தரவு வந்தது: விஞ்ஞானிகளைத் தரவரிசைப்படுத்த வேண்டுமாம். அளவுகோல் எளிது. ஒருவருடைய ஆய்வுக் கட்டுரையை உலகத்தில் மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். அதிகம் உள்ளவர் மேலே, குறைந்தவர் கீழே. எண்ணுகிற வேலை நூலகத்தின் தலையில் விழுந்தது. பொடி எழுத்தில் அச்சிட்ட தலையணைத் தொகுதிகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்தே பிடித்துக்கொண்டது. எண்ணி முடித்தால் முதலிடத்தில் எங்கள் சார்! கழுத்துவலி போன இடம் தெரியவில்லை.

சார் ஆடுகளின் நோய்களை ஆராய்ந்த மூத்த விஞ்ஞானி, விருதுநகர்ப் பக்கத்துக்காரர். அந்த வளாகத்தில் தமிழ் பேச எனக்கு அவர், அவருக்கு நான். மதியத்துக்கு மேல் நூலகத்துக்கு வருவார். புதுப் பத்திரிகைகளைப் புரட்டுவார். ஊரிலிருந்து வந்த காராச்சேவில் ஒரு பொட்டலத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். வாயில் கொழுக்கட்டையா என்று அவர் மனைவியே கேட்பாராம். எனக்கு எதிர்மாறாக வாய் நீளம். ஆகவே எங்களுக்குள் சரியாகப் போயிற்று.

எங்கள் அலுவலகத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யாருக்கு நல்லது நடந்தாலும் எல்லாருக்கும் சந்தேஷ் என்கிற பால் இனிப்பு வாங்கித் தர வேண்டும். அன்று போர்டைச் சுற்றிக் கூட்டம் கூடி, மிஷ்டி எங்கே தாதா, இனிப்பு எங்கே அண்ணா என்று சாரைப் பிடித்துக்கொண்டது. அவர் பட்டியலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர்களை விலக்கிக்கொண்டு நூலகத்துக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார். ஏதோ பாராட்டப்போகிறார் என்று நான் இளித்துக்கொண்டிருந்தேன்.

"இதுல என்னையத் திட்டினவங்களையும் சேத்துத்தானம்மா எண்ணியிருக்க?" என்றார்.

ஆமாம் என்றேன். அந்தக் கணக்குக்குத் திட்டும் ஒன்றுதான், பாராட்டும் ஒன்றுதான். அப்போதுதான் அவர் முழுக் கதையையும் சொன்னார். இளம் வயதில் எழுதிய ஒரு கட்டுரையில், ஆட்டுக்குட்டிக்கு முதல் மாதத்திலேயே கொள்ளைநோய்த் தடுப்பூசி போட்டுவிடலாம் என்று முடிவு சொல்லியிருந்தார். அது தவறு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி அந்த வயதில் குட்டியின் உடம்பில் இன்னும் இருக்கும். அதுவே ஊசி மருந்தை வேலை செய்யவிடாமல் தடுத்துவிடும். வெளிநாட்டில் ஒவ்வொருவரும் இவர் சொன்னது சரியில்லை என்று எழுத எழுத, சாரின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

ஆனால் அந்தத் தவறு அவருக்கு வெளிநாட்டுக்காரர் சொல்லித் தெரிய வந்ததல்ல. கல்கத்தாவுக்குத் தெற்கே ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கிராமத்தில், அவரே ஊசி போட்ட குட்டிகள் அந்த மழைக்காலத்தில் ஒவ்வொன்றாகச் செத்து விழுந்தன. ஆடுகளை நம்பியே பிழைத்த ஒரு பெண், போய் நின்ற சாரிடம் சண்டைகூடப் போடவில்லையாம். செத்த குட்டிகளை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு, டாக்டர்பாபு வெகுதூரம் வந்திருக்கிறார் என்று டீ போட்டுக் கொடுத்தாளாம். அதை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை என்றார் சார். அதற்கப்புறம் பல வருஷம் திரும்பச் சோதித்து, தன் தவறைத் தானே எடுத்துச் சொல்லி, சில மாதம் பொறுத்துத்தான் ஊசி போட வேண்டும் என்று ஒரு திருத்தம் எழுதினார். கல்கத்தாவிலேயே அச்சான ஒரு சின்னப் பத்திரிகையில் அது வந்தது. அதை மேற்கோள் காட்டியவர் ஒருவர்கூட இல்லை. எண்ணியவள் நான், எனக்குத் தெரியாதா? நான் இங்கே எழுதுவதும் எந்தக் கணக்கிலும் சேராதுதான். சேராவிட்டால் போகட்டும்.

அந்தக் கட்டுரையைக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி சார் இயக்குநரிடம் போய் நின்றார். நீக்கினால் அவர் பட்டியலின் அடிக்குப் போய்விடுவார், அது அவருக்குத் தெரியும். இயக்குநர் நல்ல மனிதர்தான். சிரித்து, தோளில் தட்டி, விதியை மாற்ற முடியாது, உங்கள் பெயர் இறங்கினால் நிலையத்தின் பெயரும் சேர்ந்து இறங்கும் என்று அனுப்பிவிட்டார். சார் கடைசிவரை சந்தேஷ் வாங்கித் தரவில்லை. கஞ்சன் என்று பெயர் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டொருவரிடம் விஷயத்தைச் சொல்லியும் பார்த்தேன். அதனால் என்ன, நம்பர் நம்பர்தானே என்றார்கள்.

சில வருஷம் கழித்து அவர் ஓய்வுபெற்றபோது நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. விருந்தினராக வந்த பெரிய மனிதர் அந்தக் கட்டுரையையே தலைப்போடு சொல்லி, உலகம் திரும்பிப் பார்த்த ஆராய்ச்சி என்று புகழ்ந்தார். சார் நன்றி சொல்ல எழுந்தார். ஐயா குறிப்பிட்ட கட்டுரை தவறானது, அதை நம்பி நிறைய ஆடுகள் செத்தன, தயவுசெய்து என் திருத்தத்தைப் படியுங்கள் என்றார். அவ்வளவுதான் பேசினார். உடனே எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். எப்பேர்ப்பட்ட மனிதர், எவ்வளவு அடக்கம் என்று என் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சார் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். கைதட்டல் இன்னும் பலமாயிற்று. பொன்னாடையைப் போர்த்தி உட்காரவைத்துவிட்டார்கள். நான் பின்வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஓய்வுக்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. மாரடைப்பு. அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா தாங்கள் குடியிருந்த லேக் கார்டன்ஸ் வீட்டைக் காலி செய்துகொண்டு, நகரத்தின் மறுகோடியில் நியூ டவுனில் மகனுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டார். பஸ் மாறி மாறி அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அதற்குள் மேற்கோள் கணக்கெல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டது, பூதக்கண்ணாடிக்கு வேலையில்லை. நான் போய் உட்கார்ந்ததும் அக்கா கேட்கிற முதல் கேள்வி, அவருடைய எண்ணிக்கை இப்போது எவ்வளவு என்பதுதான். பேரனுடைய கணினியில் பார்த்துச் சொல்வேன். ஏறியிருக்கிறது என்றால் அந்த முகத்தில் ஒரு நிறைவு தெரியும். பாவம், ஒன்றும் தெரியாமல் பெருமைப்படுகிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு தடவை பொறுக்க மாட்டாமல் ஆரம்பித்துவிட்டேன். அக்கா, அந்தக் கட்டுரை சாருக்கே பிடிக்காது, அது வந்து என்று இழுத்தேன். அக்கா என்னை முடிக்கவிடவில்லை.

"தெரியும்மா. அந்தக் குட்டிக செத்த அன்னைக்கு ராத்திரி அவரு சோறு திங்கல, நானும் திங்கல. ஆனா தப்புன்னு சொல்றதுக்காச்சும் எங்கயோ யாரோ அவரு பேர எழுதுறாங்கள்ல? வேற யாரு இருக்கா எழுத?"

இவ்வளவு வாய் இருந்து என்ன பிரயோசனம்? அக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, நாற்காலியை என் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். பாரு, ஏறியிருக்கா பாரு என்றார்.

பார்த்தேன். ஏறியிருந்தது. சத்தமாகவே சொன்னேன்.