மூன்றாவது கம்பைல்

அமிர்தலிங்கம் தன் கம்பைலரை மூன்றாவது தடவையாகக் கம்பைல் செய்துகொண்டிருக்கிறார். இரண்டாவதாக வந்ததும் மூன்றாவதாக வந்ததும் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் ஒன்றாக இருந்தால்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். அதற்குள் தேநீர் ஆறி எறும்பு மொய்த்துவிடும். "குடிங்க ஐயா" என்றால், "இருங்கலா, இத நம்பக் கூடாது" என்பார்.

பகாவ் என்கிற ரப்பர்த் தோட்டத்து ஊரின் கடைத்தெருவில் என் ரேடியோ பட்டறைக்கு மேல்மாடி அவருடையது. ரப்பர் உலர்த்தும் அடுப்புகளில் சூடு பார்க்கிற சின்னப் பெட்டிகள் செய்கிறார். பெட்டிக்குள் இருக்கும் சில்லுக்குக் கட்டளை போட ஒரு கணினி மொழியையே சொந்தமாக உண்டாக்கினார். நாம் எழுதுவதைச் சில்லுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது கம்பைலர். அதையும் அதே மொழியில் எழுதி, பழைய கம்பைலரைக் கொண்டே புதியதைப் பிறப்பிப்பார். "தன்னையே பெத்துக்குது பாருங்க!" என்று போன வருஷம் கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். எங்களுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை, தலையாட்டி வைத்தோம்.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் மகன். தோட்டத்துப் பேச்சு விடவில்லை. எந்தக் கோப்பை மறுபடி கம்பைல் செய்வது என்று தேதி பார்த்து முடிவு செய்யும் நிரலுக்குக் கிராணி என்று பெயர் வைத்திருக்கிறார். தோட்டத்தில் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, கணக்குப்பிள்ளையான கிராணி பேர் கூப்பிடுவார். ஆள் நின்றால் கோடு போடுவார். அவனுக்குக் காய்ச்சலா என்று பார்க்கமாட்டார். இதுவும் அப்படித்தான். கம்பைல் ஆனதன் தேதி மூலத்தைவிடப் புதிது என்றால், "வேலை இல்லை" என்று கைகழுவிவிடும்.

அதில்தான் வந்தது வினை. பழைய கம்பைலரில் ஒரு கோளாறு இருந்தது: 127ஐத் தாண்டிய எண்ணைச் சுழியத்துக்கும் கீழே என்று எடுத்துக்கொள்ளும். அடுப்பு 120 டிகிரியில் ஓடியவரை தெரியவில்லை. போன மழைக்காலத்தில் ரப்பர் காயவில்லை, 125 வேண்டும் என்றது தோட்டம். அப்போதுதான் கோளாறைக் கண்டுபிடித்து அமிர்தலிங்கம் கம்பைலரைத் திருத்தினார். ஆனால் திருத்தியதைப் பெற்றது கோளாறு பிடித்த பழையதுதானே! புதியதைக் கொண்டு இன்னொரு தடவை கம்பைல் செய்தால்தான் கோளாறு முழுக்கப் போகும். செய்யச் சொன்னார். கிராணி தேதியைப் பார்த்து, வேலை இல்லை என்றது. தீபாவளிக்கு முந்தின வாரம், அவசரம். அந்தக் கம்பைலரிலேயே பெட்டிக்கு நிரல் போட்டுவிட்டு அவரும் எழுந்துவிட்டார்.

அன்று பிற்பகல் சூடு 128க்கு ஏறியதும் பெட்டி அதைக் குளிர் என்று நினைத்து நெருப்பை ஊதிக்கொண்டே இருந்தது. இரண்டு டன் ரப்பர் கரி.

அடுப்புக்காரர் முனியாண்டி தூங்கிவிட்டார் என்று முடிவு கட்டி, அடுப்பு வேலையிலிருந்து இறக்கி, புல்வெட்டுக்கு அனுப்பினார்கள். பெட்டியில் தப்பு இருக்குமா என்று விசாரணையில் கேட்டதற்கு, "சான்ஸே இல்ல சார்" என்றார் அமிர்தலிங்கம். அப்போது அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் தெரிந்தது. தெரிந்தும் எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. அன்று பிடித்ததுதான் இந்த மூன்று தடவை வழக்கம். என்னிடம் இதைச் சொல்லி, "வெக்கமா இருக்குங்க, கண்ணாடில மூஞ்சி பாக்க முடியல" என்றார். எனக்கு இரக்கமே வரவில்லை. பார்க்காதீங்க என்றேன்.

போன வாரம் முனியாண்டியே மாடியேறி வந்தார். கையில் பிசாங் கோரெங், வாழைப்பழப் பஜ்ஜிப் பொட்டலம். சண்டைக்கு வரவில்லை.

"தம்பி, ஒம் பொட்டிக்கிட்ட கேட்டுச் சொல்லுலா. அன்னிக்கு நான் கண்ணசந்தேனா? தூங்கலன்னுதான் நெனச்சேன். எல்லாரும் சொல்லச் சொல்ல, தூங்கித்தான் போயிட்டமோன்னு எனக்கே ஆயிடுச்சி. வீட்டுல பொஞ்சாதி தாயம்மாவும் கேக்குறா."

அமிர்தலிங்கம் எழுந்து நின்றார். "நீங்க தூங்கலண்ணே. என் தப்பு. தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்."

"தெரிஞ்சுமா?" என்றார் முனியாண்டி. பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு அப்போதே தோட்டத்து ஆபீசுக்குக் கிளம்பினார் அமிர்தலிங்கம். ஆபீஸ் படியில், கூட வந்த முனியாண்டி சிலிப்பரைக் கழற்றி ஓரமாக வைத்தார். தொழிலாளி அங்கே செருப்போடு உள்ளே போவதில்லை. அமிர்தலிங்கம் எப்போதும் சப்பாத்துக் காலோடு நேரே மேனேஜர் அறைக்குப் போகிறவர். அன்று படியிலேயே நின்றார். குனிந்து சப்பாத்துக் கயிற்றை இழுத்தார். அவசரத்தில் முடிச்சு இறுகிவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்து, நகத்தால் நோண்டி நோண்டி அவிழ்த்து, இரண்டு சப்பாத்தையும் கழற்றி முனியாண்டியின் சிலிப்பருக்குப் பக்கத்தில் வைத்தார்.