அந்தோணி வீட்டுப் புள்ளி

நேற்று எங்கள் வீட்டில் நண்டு. சமையலறையில் நண்டை உடைத்துக்கொண்டிருந்த மனைவி ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். எனக்கு அந்த வாடை கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றிருந்தது. தாம்பரத்தில் குடியேறி இத்தனை வருஷமாகியும், நண்டு வாங்குகிற நாளில் மட்டும் நான் அந்தமானில்தான் இருப்பேன். உப்பங்கழிச் சேறு, டீசல், ஈரப் பாக்குமட்டை, எல்லாம் அந்த வாடையோடு சேர்ந்து வந்துவிடும்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. போர்ட் பிளேரிலிருந்து ஒரு பெண். நான் வேலை பார்த்த துறையில் புதிதாகச் சேர்ந்தவளாம். பழைய களக் குறிப்பேடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம்.

"சார், உங்க நோட்டுல பதினேழாவது புள்ளி மட்டும் இடிக்குது. பக்கத்து ரெண்டு புள்ளிக்கும் கரெக்டா நடுவுல வருது. அங்க நீங்க எடுத்த அளவு சரிதானா?"

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் மறக்காத புள்ளி அது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. புவியீர்ப்பை அளக்கும் கருவியை மடியில் வைத்துக்கொண்டு தீவு தீவாகப் போவது என் வேலை. திக்லிபூர் பஸ்ஸில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் பெட்டியைத் தூக்கிப் பிடிப்பதைப் பார்த்து, உள்ளே குழந்தையா என்று கண்டக்டர் இந்தியில் கேட்டிருக்கிறார். குறித்த இடத்தில் இறங்கி ஈர்ப்பை அளக்க வேண்டும், அந்தத் தரை கடலுக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்றும் பார்த்து எழுத வேண்டும். நோட்டில் ஒரு வரி, வரைபடத்தில் ஒரு புள்ளி. பூமிக்கு அடியில் என்ன பாறை கிடக்கிறது என்று நாட்டுக்குச் சொல்வதே நாங்கள்தான் என்று மாமனார் வீட்டில் நிறையப் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் இருக்கிற பாம்பூஃப்ளாட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள கழிகளில் எனக்கு டிங்கி என்கிற சின்னப் படகை ஓட்டியவர் அந்தோணி. தூத்துக்குடிக் கடற்கரைக் குடும்பம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் என்னை சார் என்பார், நான் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். அதுவும் இப்போது உறுத்துகிறது. கண்டல் காட்டு நடுவே ஒரு மேட்டில் அவரும் மனைவி ரோசம்மாவும் குடியிருந்த வீடும் கொஞ்சம் பாக்கு மரமும் இருந்தன. எவ்வளவு பெரிய ஓதத்தில் கடல் ஏறினாலும் மேடு இடுப்பளவு மேலேதான் நிற்கும் என்பார். பதினேழாவது புள்ளி அவர் வாசலிலேயே விழுந்தது.

"நம்ம வீட்டு வாசலா சார்? அச்சா! ரோசம்மாகிட்ட நண்டு வைக்கச் சொல்லிட்டேன். நாளைக்கு ஜல்தி கெளம்பிருங்க."

மறுநாள்தான் மெட்ராஸ் கப்பல் வந்தது. கப்பலில் எனக்கொரு கடிதம், கடிதத்துக்குள் பெண்ணின் போட்டோ. (அந்தப் பெண்தான் நேற்று ஜன்னலைத் திறக்கச் சொன்னவள்.) அந்தோணி படகுத்துறையில் காத்திருக்க, நான் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டு விடுதியில் போட்டோவும் கையுமாகக் கிடந்தேன். பதினாறாவது புள்ளியும் பதினெட்டாவது புள்ளியும் ஏற்கெனவே அளந்தவை, இரண்டும் ஓதம் ஏறுகிற தாழ்ந்த சேற்றுத் தரை. இரண்டின் ஈர்ப்பையும் உயரத்தையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பதினேழுக்கு எழுதினேன். மூன்றாம் வகுப்புக் கணக்கு.

அடுத்த நாள் அந்தோணி தூக்குவாளியில் நண்டுக் குழம்போடு வந்தார்.

"ஒடம்பு தேவலையா சார்? நம்ம எடத்த எப்ப அளக்கப் போறோம்?"

"அது எழுதியாச்சு அந்தோணி. வராமலே பார்க்க ஒரு வழி இருக்கு."

பச்சைப் பொய். அந்த மனுஷனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம வீடும் நக்ஷால வந்துருச்சா!" என்றார், வரைபடத்துக்கு அங்கே அதுதான் பேச்சு. நான் குழம்பை வழித்துச் சாப்பிட்டேன். நல்ல காரம்.

சுனாமி வந்த பிறகு ஒரு குழுவோடு மறுபடி போனேன். அலை திரும்பிப் போனாலும் தென் அந்தமானில் தரையே கீழே இறங்கிவிட்டிருந்தது. அந்தோணி டிங்கியில் கூட்டிப் போய்க் காட்டினார். பாக்கு மரங்கள் பட்டுப்போய் உப்புத் தண்ணீரில் நின்றன. வாசல் இருந்த இடத்தில் எஞ்சினை நிறுத்தினார்.

"மாத்து ஜாகா கேட்டு எழுதிப் போட்டேன் சார். இது எப்பவுமே ஓதம் ஏறுற எடம்னு பழைய அளவுலயே இருக்காம், கெடைக்காதுங்காங்க. நீங்கதான அளந்தீங்க? மேடா இருந்துச்சுன்னு ஒரு சிட்டி எழுதிக் குடுங்க சார். போதும்."

எழுதினால், போகாமலே அளவு எழுதியது வெளியே வரும். என் பதவி உயர்வுக் கோப்பு அப்போது மேலே போயிருந்தது.

"பார்க்கிறேன் அந்தோணி" என்றேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் நான். நம் ஊரில் 'பார்க்கிறேன்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் எஞ்சின் கயிற்றை இழுத்தார். மாற்று இடம் கிடைக்கவில்லை. குடும்பத்தோடு கார் நிக்கோபார் தீவுக்குக் கட்டட வேலைக்குப் போனதாகக் கேள்வி. அப்புறம் தகவல் இல்லை. நான் தேடவும் இல்லை. வெட்கமாக இருக்கிறது, வேறென்ன சொல்ல?

சாயங்காலம் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"அம்மா, பதினேழுக்கு நான் போகவே இல்லை. அது நானா எழுதினது."

பென்ஷன் வாங்குகிறவனை இனி யார் என்ன செய்துவிட முடியும்? அந்தத் தைரியத்தில் வந்த உண்மை.

"பரவாயில்ல சார். அந்தப் புள்ளிய எடுத்துடறேன்."

"அங்க ஒரு மேடு இருந்ததும்மா. அந்தோணின்னு ஒருத்தர் வீடு. அதையாவது குறிச்சுக்க முடியுமா?"

"அளவு இல்லாம எப்படி சார் குறிக்கிறது? இப்ப அங்க தண்ணிதானே இருக்கு."

விசைப்பலகையில் ஒரு தட்டு கேட்டது. நக்ஷாவில் இருந்த அந்தோணி வீடும் போயிற்று. சாப்பிட வரச் சொல்லி மனைவி இரண்டு தடவை கூப்பிட்டாள், பசியில்லை என்றேன்.