மூச்சு வாங்கும் இடம்

பழனியாண்டி மதம் மாறி வேதக்காரராகிவிட்டார் என்று கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஒரு பேச்சு. கிளப்பியது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. சைக்கிள் கடை ஹபீல் மட்டும் சங்கிலிக்கு எண்ணெய் போட வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார். "நம்மட ஆண்டி அண்ணன் சனிக்கிழம சனிக்கிழம மேல கல்லுக் கோயிலுக்குப் பெய்த்து வெள்ளக்காரன்ட கபுரெல்லாம் தேய்ச்சுக் கழுவுறாராம். சும்மா ஒரு மனிசன் அப்பிடிச் செய்வானா, சொல்லுங்க?"

கழுவுவது உண்மைதான். ஒரு தும்புப் பிரஷ், ஒரு வாளி தண்ணீர். சவர்க்காரம் போடமாட்டார், கல் வெளிறிவிடும். காரணம் வேதமில்லை. ஓட்டலிலிருந்து அவர் அழைத்து வருகிற வெள்ளைக்காரர்கள் கல்லறைகளில் பெயரை வாசிக்க வேண்டும். பாசி மூடிக் கிடந்தால் அவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் காய்ச்சலில் போன ஒரு தோட்டத் துரை, பக்கத்தில் மூன்று வயதில் போன அவர் மகள். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு பழனியாண்டி அந்தக் குழந்தையின் கதையை ஆங்கிலத்தில் சொல்லும்போது, கூட்டத்தில் ஒரு பெண்மணியாவது கண்ணைத் துடைப்பாள். "அழுதாங்கன்னா நமக்கு நல்லது" என்பார். "போறப்ப ஓட்டல் புத்தகத்துல நல்லதா நாலு வரி எழுதிட்டுப் போவாங்க."

வயது ஐம்பத்தெட்டு. மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிச் சனங்களின் லயத்தில் பிறந்து, ஓட்டலில் புல்லு வெட்டி, புல்லு வெட்டும்போதே காதில் விழுந்த ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு, பதினொரு வருடங்களாகச் சைக்கிள் சுற்றுலாவுக்கு வழிகாட்டி. வேன் சைக்கிள்களை ஏற்றி மலையில் கொண்டுபோய் இறக்கும். அங்கிருந்து தேயிலைக்குள்ளே இறங்கி, கல்லுக் கோயில் பார்த்து, மகாவலிக் கரைக் கிராமங்கள் வழியாக இன்னொரு பழைய மாதா கோயிலையும் தொட்டு, பாலத்தடியில் வந்து முடியும். அவர் எப்போதும் கடைசிச் சைக்கிள். பையில் காலில் ஏறும் அட்டைக்கு உப்பு, காயத்துக்குப் பஞ்சு, உரித்துத் தின்ன ஆளுக்கொரு தோடம்பழம். "ஜெர்மன்காரன் பிரேக்க நம்பி வருவான், இத்தாலிக்காரன் மாதாவ நம்பி வருவான். கொழும்புக்காரன் என்னைய நம்பி வருவான், அவந்தான் மொதல்ல விழுவான்."

கல்லுக் கோயிலுக்குக் கீழே ஒன்றரை மைல் தள்ளி, பாதையோரம் ஒரு சமதரை. அங்கே எல்லோரையும் நிறுத்துவார். 'மூச்சு வாங்குற எடம்' என்று அதற்குப் பெயர் வைத்ததும் அவர்தான். "முழுக்க எறக்கம், அதுல யாருக்கு மூச்சு வாங்குது?" என்று ஹபீல் ஒருநாள் மடக்கிக் கேட்டபோது, "எனக்கு" என்றார்.

அங்கே நின்றதும் முதலில் பழத்தைப் பங்கு வைப்பார். பிறகு, "உள்ள கல்லு போயிருச்சு" என்று சொல்லிச் சப்பாத்து இரண்டையும் கழற்றுவார். கவிழ்த்துத் தட்டுவார். ஒரு நாளும் எதுவும் விழுந்ததில்லை. போனை எடுத்து இடது சப்பாத்துக்குள் வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் வெறுங்காலோடு நிற்பார். விருந்தாளிகள் பழத்தைத் தின்றுகொண்டு நக்கிள்ஸ் மலையைப் படமெடுப்பார்கள்.

அது லயத்துச் சனங்களின் புதைகாடு. கல் கிடையாது, பெயர் கிடையாது. தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடி, அவ்வளவுதான். மூன்றாவது குரோட்டனுக்குக் கீழே அவருடைய அப்பா.

அதை அவர் எந்த வெள்ளைக்காரரிடமும் சொன்னதில்லை. "என்னத்தக் காட்டிச் சொல்றது? துரை மகளுக்குப் பேர் இருக்கு, தேதி இருக்கு, மேல ஒரு கல்லுப் புறா இருக்கு. நான் ஒரு செடியக் காட்டி, இந்தா அழுங்கன்னு சொல்லவா?"

சொல்லாமல் இருந்ததோடு விட்டிருக்கலாம். சுற்றுலாப் பாதையை ஓட்டல் முதன்முதல் அவரிடம் எழுதி வாங்கியபோது, ஒவ்வொரு இடத்துக்கும் நேராகக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. புதைகாடு என்று எழுதினால் அந்த இடத்தைப் பாதையிலிருந்து வெட்டிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். வாரத்தில் இரண்டு நாள் அப்பா பக்கத்தில் நிற்க வேறு வழியும் இல்லை. ஆகவே தன் முத்துமுத்தான ஆங்கிலக் கையெழுத்தில், 'வெறும் நிலம். அங்கே ஒருவரும் இல்லை. நல்ல காட்சி' என்று எழுதிக் கையொப்பம் வைத்தார்.

பதினொரு வருடப் படங்கள் உலகமெல்லாம் போயின. படம் பார்த்து வேன்கள் வந்தன. இப்போது தோட்டக் கம்பெனியும் ஓட்டலும் சேர்ந்து அந்தத் தரையை மட்டமாக்கி, கண்ணாடித் தடுப்புப் போட்டு, மரப்பலகை மேடையும் வாகனம் நிறுத்த இடமும் கட்டப்போகின்றன. லயத்துச் சனங்கள் மறித்தார்கள். புதைகாடு என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கீழே அரசாங்கக் கந்தோரில் கேட்டார்கள். சனங்களிடம் துண்டுக் காகிதம் இல்லை. ஓட்டலிடம் இருந்தது.

இன்னும் அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற தங்கை இராஜேஸ்வரி போன வாரம் போனில் அழவில்லை, அதட்டினாள். "அண்ணே, ஒன் எழுத்துன்னு சொல்லிக் காட்டுறாங்க. லயமே என்னையப் பாக்குது. வியாழக்கிழம பத்து மணிக்கு வெசாரண. நீ வந்து, நான் எழுதுனது பொய், அங்க எங்க அப்பா இருக்காருன்னு இங்கிலீசுல ஒரு வார்த்த சொல்லு. நாங்க சொன்னா கணக்கெடுக்க மாட்டாங்க. திங்கக்கிழம மெசின் வருது."

"வர்றேன் ஆயி" என்றார்.

லீவு கேட்க ஓட்டல் மேனேஜர் ஸ்ரீஸ்கந்தராசாவிடம் போனார். யாழ்ப்பாணத்துக்காரர், சத்தம் போட்டுப் பேசாதவர். "சேர், அந்த எடத்துல எங்க அப்பாவப் பொதச்சிருக்கு" என்று ஆரம்பித்தார்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "ஓம், இருக்கலாம். அப்ப ஏன் காணும் பதினொரு வருசமாச் சொல்லேல்லை? வெள்ளையளைக் கூட்டிக்கொண்டுபோய் அதுக்கு மேல நிப்பாட்டினது நான் இல்லை, நீர். ஒரு நாளாவது அந்தத் தோடம்பழத் தோலைப் பொறுக்கச் சொன்னீரோ?"

மேனேஜர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"வியாழக்கிழமை ஆறு பேர் வருகினம். நீர்தான் கூட்டிக்கொண்டு போறீர். இல்லையெண்டால் இப்பவே சொல்லும், வேற ஆள் பாக்கிறன்."

பழனியாண்டி சைக்கிள் துடைக்கிற பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஆறு சைக்கிளுக்கும் காற்று அடித்தார்.

வியாழக்கிழமை இராஜேஸ்வரி முதல் பஸ்ஸிலேயே கந்தோருக்கு இறங்கிவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். பழனியாண்டி கல்லுக் கோயிலில் தொப்பியைக் கழற்றினார். துரை மகளின் கதையைச் சொன்னார். ஒரு பெண்மணி அழுதாள். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மூச்சு வாங்கும் இடத்தில் எல்லோரையும் நிறுத்திப் பழத்தைப் பங்கு வைத்தார். தரையில் ஏற்கெனவே முளைக்குச்சி அடித்து நீல நூல் இழுத்திருந்தது. மூன்றாவது குரோட்டன் நூலுக்கு உட்பக்கம்.

உள்ளே கல் போனதாக இன்று அவர் சொல்லவில்லை. சப்பாத்தைக் கழற்றினார், தட்டவில்லை. போனை இடது சப்பாத்துக்குள் வைத்தார்.

பத்து மணிக்கு அது அடித்தது. நின்றது. திரும்ப அடித்தது. "மிஸ்டர் ஆண்டி, உங்கள் போன்" என்று ஒருவர் ஆங்கிலத்தில் கூப்பிட்டார். பழனியாண்டி வெறுங்காலோடு குந்தியிருந்து தோடம்பழத் தோல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தொப்பிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். ஊரைச் சுத்தமாக வைத்திருக்கிற மனிதர் என்று நினைத்து, அழுத பெண்மணி அவரைப் படமெடுத்தாள். சப்பாத்துக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அடுத்த தோலுக்குக் கையை நீட்டினார்.